வான்குதிப்புப் பயிற்சியும் உரிமமும்: ஆகும் செலவு என்ன?

பறக்கும் விமானத்திலிருந்து வெளியே குதித்து, சிறிது நேரம் தடையின்றி விழுந்து, பிறகு பாராசூட்டை விரித்துத் தரையிறங்கும் வான் விளையாட்டு வான்குதிப்பு ஆகும். ஸ்கைடைவிங் என்ற பெயரே இன்று பரவலாக வழங்குகிறது. இதை முறையாகக் கற்பது எப்படி, உரிமம் பெற எத்தனை முறை குதிக்க வேண்டும், மொத்தம் எவ்வளவு செலவாகும், நம் ஊர் மாணவர் ஒருவருக்கு அது எட்டுமா என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

போடிநாயக்கனூர்ப் பகுதியில் ஆசிரியராக இருந்தபோது, உயர்நிலை வகுப்புகளில் ஆண்டுக்கு ஒருவராவது இந்தக் கேள்வியைக் கேட்பதுண்டு. தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோ யாரோ குதிப்பதைப் பார்த்திருப்பார்கள். "எவ்வளவு சார் ஆகும்?" என்பார்கள். "நிறைய ஆகும்" என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் அது விடை ஆகாது. கணக்கைப் போட்டுக் காட்டுவதே முறை.

உயரமும் நேரமும்

போடி நகரிலிருந்து வடமேற்கே நிமிர்ந்து பார்த்தால் தெரியும் கொழுக்குமலை, கடல் மட்டத்திலிருந்து 7,000 அடிக்கும் மேல் உள்ளது. நகரம் ஏறக்குறைய 1,100 அடியில் இருக்கிறது. ஆக, நாம் அண்ணாந்து பார்க்கும் உயரம் சுமார் 6,000 அடி. வான்குதிப்பில் வழக்கமாக விமானத்தை விட்டு வெளியேறும் உயரம் தரையிலிருந்து 10,000 முதல் 13,500 அடி. அதாவது ஒரு கொழுக்குமலையின் மேல் இன்னொரு கொழுக்குமலையை வைத்தாற்போன்ற உயரம்.

வெளியேறியவுடன் உடல் வேகம் கூடிக்கொண்டே போகும். காற்றின் தடை உடலின் எடைக்குச் சமமானதும் வேகம் கூடுவது நின்றுவிடும். இதையே இயற்பியலில் முற்றுத் திசைவேகம் என்று படிக்கிறோம். வயிறு தரையை நோக்க, கைகால்களை விரித்து விழும் ஒருவருக்கு அது மணிக்கு சுமார் 190 கி.மீ. முதல் 1,000 அடியைக் கடக்க ஏறக்குறைய 10 வினாடியும், அதன்பின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஐந்தரை வினாடியும் ஆகும். 13,000 அடியில் குதித்து 5,000 அடியில் பாராசூட்டை விரித்தால், தடையின்றி விழும் நேரம் 50 வினாடிக்கும் சற்றுக் குறைவு. பணத்தின் பெரும்பகுதி அந்த 50 வினாடிக்காகவே செலவாகிறது என்பதை நினைவில் கொள்க.

முதல் குதிப்பின் மூன்று வழிகள்

1. இரட்டையர் குதிப்பு: டேண்டம் எனப்படும் இம்முறையில் பயிற்றுநரின் உடலோடு புதியவர் பிணைக்கப்படுவார். பாராசூட், உயரம் பார்ப்பது, தரையிறக்கம் எல்லாம் பயிற்றுநரின் பொறுப்பு. அரை மணி நேர விளக்கம் போதும். இது அனுபவமே தவிர, பயிற்சி அன்று.

2. நிலைக்கயிற்று முறை: பாராசூட்டின் கயிறு விமானத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். குதித்தவுடன் அது தானே இழுத்துத் திறந்துவிடும். குறைந்த உயரத்திலிருந்து குதிக்கலாம். ராணுவப் பாராசூட் பயிற்சி தொடங்குவது இம்முறையில்தான்.

3. விரைவு முறை: ஏ.எஃப்.எஃப். எனப்படும் இதுவே இன்று உலகெங்கும் உரிமத்துக்கான முதன்மை வழி. ஒரு நாள் தரைப் பயிற்சிக்குப் பிறகு, இரண்டு பயிற்றுநர்கள் இருபுறமும் பிடித்தபடி மாணவரோடு குதிப்பார்கள். மாணவர் தம் பாராசூட்டைத் தாமே திறக்க வேண்டும். ஏழெட்டு நிலைகளில் பயிற்றுநர்கள் படிப்படியாக விலகிக்கொள்வார்கள். ஒரு நிலையில் தேறாவிட்டால் அதே நிலையைத் திரும்பக் குதிக்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம்.

உரிமம் யார் தருவது?

பலரும் நினைப்பதுபோல் இது ஓட்டுநர் உரிமத்தைப் போல அரசு தருவதன்று. பெரும்பாலான நாடுகளில் விளையாட்டுச் சங்கமே தருகிறது. அமெரிக்காவில் அரசின் வான்போக்குவரத்துத் துறை விமானத்தையும், விமானியையும், துணைப் பாராசூட்டை மடிக்கும் வல்லுநரையும் கட்டுப்படுத்துகிறது. குதிப்பவருக்கு உரிமம் தருவது அமெரிக்கப் பாராசூட் சங்கமான யு.எஸ்.பி.ஏ. அதன் உரிமம் உலகின் பல குதிப்புத் தளங்களில் ஏற்கப்படுகிறது. அதன் நான்கு படிகளும் அவற்றுக்கு வேண்டிய குறைந்தபட்சக் குதிப்புகளும்:

ஏ உரிமம் – 25 குதிப்புகள்
பி உரிமம் – 50 குதிப்புகள்
சி உரிமம் – 200 குதிப்புகள்
டி உரிமம் – 500 குதிப்புகள்

ஏ உரிமத்துக்கு எண்ணிக்கை மட்டும் போதாது. குறித்த இலக்கிலிருந்து 20 மீட்டருக்குள் ஐந்து முறை தரையிறங்கியிருக்க வேண்டும். பிறரோடு சேர்ந்து விழப் பழகியிருக்க வேண்டும். முதன்மைப் பாராசூட்டைத் தாமே மடிக்கத் தெரிய வேண்டும். எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் உண்டு. பிரிட்டனில் ஏ உரிமத்துக்கு 18 குதிப்புகள் போதும். மாணவராகத் தனியே குதிக்க யு.எஸ்.பி.ஏ. விதிப்படி வயது 18 நிறைந்திருக்க வேண்டும். பள்ளி மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

செலவுக் கணக்கு

கட்டணம் தளத்துக்குத் தளம் மாறும். அமெரிக்காவில் ஏ உரிமம் வரை பொதுவாக 3,000 முதல் 4,000 டாலர் வரை ஆகிறது. அது எப்படி வருகிறது என்பதைக் கீழே உள்ள மாதிரிக் கணக்கில் காணலாம். ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

தரைப் பயிற்சியும் முதல் குதிப்பும் – 250 டாலர்
பயிற்றுநரோடு அடுத்த 7 குதிப்புகள், தலா 200 – 1,400 டாலர்
மீதி 17 குதிப்புகள், விமான இருக்கை 30, கருவி வாடகை 30, ஆகத் தலா 60 – 1,020 டாலர்
அவற்றில் 5 குதிப்புகளுக்கு உடன் வரும் வழிகாட்டிக்குத் தலா 60 – 300 டாலர்
பாராசூட் மடிக்கும் வகுப்பு – 80 டாலர்
சங்க உறுப்பினர் கட்டணமும் உரிமக் கட்டணமும் – 130 டாலர்

கூட்டினால் 3,180 டாலர், அதாவது சுமார் 2,70,000 ரூபாய். இது ஒரு நிலையிலும் தவறாதவருக்கான கணக்கு. இரண்டு நிலைகளைத் திரும்பக் குதிக்க நேர்ந்தால் இன்னும் 400 டாலர் சேர்ந்து 3,580 டாலர் ஆகும். ரூபாயில் சுமார் 3,04,000.

இதோடு முடிவதில்லை. விமானப் பயணத்துக்கு 1,200 டாலர், மூன்று வாரத் தங்கலுக்கும் உணவுக்கும் 1,000 டாலர் என்று கொண்டால் மேலும் 1,87,000 ரூபாய். வானிலை சரியில்லாத நாளில் குதிப்பு இல்லை; ஆனால் தங்கும் செலவு உண்டு. விசாக் கட்டணமும் மருத்துவக் காப்பீடும் சேர்த்தால் மொத்தம் ஐந்து லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். சாதாரணப் பயணக் காப்பீடு வான்குதிப்பு விபத்தை ஏற்பதில்லை என்பதால், அதற்கெனத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டியிருக்கும்.

ஐந்து லட்சம் என்பது நம் ஊர் அளவையில் எவ்வளவு? காய்ந்த ஏலக்காய் கிலோ 2,500 ரூபாய்க்குப் போனால் 200 கிலோ. ஒரு கிலோ காய்ந்த ஏலத்துக்குச் சுமார் ஐந்து கிலோ பச்சைக்காய் வேண்டும். எனவே ஸ்டோரில் 1,000 கிலோ பச்சைக்காய் காய வேண்டும். அதிகாலையில் போடியிலிருந்து ஜீப்பில் ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து காய் எடுக்கப் போகும் ஒரு தாய்க்கு நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்தால், 1,000 நாள் கூலி. ஒரு ரூபாயும் செலவழிக்காமல் சேர்த்தால் ஏறக்குறைய மூன்றாண்டு உழைப்பு.

ஏல விலையும் நிலையானதன்று. 2019இல் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட விலை, 2022இல் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. விலை உச்சத்தில் இருக்கும் ஆண்டில் இத்தகைய பெரும் செலவைத் தொடங்கும் குடும்பம் அடுத்த ஆண்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஏன் இவ்வளவு செலவு?

முதற்காரணம் விமானம். செஸ்னா 182 போன்ற சிறு விமானம் ஒரு முறைக்கு நான்கு பேரையே ஏற்றும். எரிபொருள், விமானி, பராமரிப்பு எல்லாச் செலவும் அந்த நால்வர் மேல் விழும். இருபது பேரை ஏற்றும் ட்வின் ஆட்டர் போன்ற விமானம் உள்ள தளத்தில் இருக்கைக் கட்டணம் குறையும். ஆனால் அந்த விமானத்தை நிரப்பும் அளவுக்குக் கூட்டம் வேண்டும்.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. ஒவ்வொருவர் முதுகிலும் இரண்டு பாராசூட்டுகள் இருக்கும். ஒன்று பழுதானால் மற்றது. குதித்தவர் மயங்கிவிட்டாலும், குறித்த உயரத்தில் துணைப் பாராசூட்டைத் தானே திறக்கும் மின்னணுக் கருவி ஒன்றும் உண்டு. அதன் விலை மட்டும் ஆயிரம் டாலருக்கு மேல். துணைப் பாராசூட்டை 180 நாளுக்கு ஒரு முறை தகுதி பெற்ற வல்லுநர் பிரித்துச் சோதித்து மடிக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி.

இந்தச் செலவுக்குப் பயன் இருக்கிறது. 2023இல் அமெரிக்காவில் நடந்த சுமார் 36 லட்சத்து 50 ஆயிரம் குதிப்புகளில் இறந்தவர்கள் 10 பேர் என யு.எஸ்.பி.ஏ. பதிவு செய்துள்ளது. ஆகவே, கட்டணத்தில் பெரும் தள்ளுபடி தரும் இடத்தில், இவற்றில் எது குறைக்கப்பட்டது என்று கேட்பதே அறிவுடைமை.

உரிமம் பெற்ற பின் வரும் செலவு

மாணவர்கள் பெரும்பாலும் கேட்கத் தவறும் கேள்வி இது. உரிமம் கையில் இருந்தால் மட்டும் போதாது. பழக்கமும் விட்டுப்போகக் கூடாது. ஏ உரிமம் பெற்றவர் 60 நாள்களுக்குள் ஒரு முறையாவது குதித்திருக்க வேண்டும். இல்லையேல் பயிற்றுநர் மேற்பார்வையில் மீண்டும் குதித்துக் காட்ட வேண்டும். அதற்கும் கட்டணம் உண்டு.

சொந்தக் கருவி வாங்குவதானால் புதியது 7,000 டாலருக்குக் குறையாது. பழையது அதில் பாதி விலைக்குக் கிடைக்கலாம். அதை வாங்கும் முன் வல்லுநரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும். தளத்துக்கு அருகில் வசிப்பவர் வார இறுதியில் போய் இரண்டு முறை குதித்துவிட்டு வருவார். போடியில் வசிப்பவர் ஒவ்வொரு முறையும் மதுரைக்குப் போய், அங்கிருந்து வெகுதூரம் பயணம் செய்ய வேண்டும். எனவே உரிமம் பெறும் செலவைவிட அதைக் காக்கும் செலவே நமக்குப் பெரிது.

இந்தியாவில் நிலை

இந்தியாவில் வான்குதிப்புக்கு நெடிய வரலாறு உண்டு. ரேச்சல் தாமஸ் இந்தியாவின் முதல் பெண் வான்குதிப்பு வீராங்கனையாக அறியப்படுகிறார். 2002இல் வட துருவத்தில் குதித்த அவருக்கு 2005இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. புனேயைச் சேர்ந்த சீதல் மகாஜன் 2004 ஏப்ரல் 18 அன்று வட துருவத்தில் குதித்தார். அதுவே அவருடைய வாழ்வின் முதல் குதிப்பு. 2006இல் அண்டார்டிகாவில் குதித்தார். 2011இல் பத்மஸ்ரீ பெற்றார். 2018இல் மகாராட்டிர முறையில் ஒன்பது கெஜச் சேலை அணிந்து தாய்லாந்தில் குதித்தது பலருக்கு நினைவிருக்கலாம்.

பொதுமக்களுக்கான தளங்கள் மிகச் சில. அரியானாவின் நார்னௌல் அருகே ஒரு தளம் உள்ளது. மத்தியப் பிரதேசத்தின் உஜ்ஜயினியில் பருவகாலத்தில் வான்குதிப்பு விழாக்கள் நடந்துள்ளன. இரட்டையர் குதிப்புக்கு முப்பதாயிரம் ரூபாய் அளவில் கட்டணம் ஆகிறது. உரிமம் வேண்டுவோரில் பலர் தாய்லாந்து, துபாய், ஸ்பெயின், அமெரிக்கா என வெளிநாடு சென்றே பயில்கின்றனர்.

2022 ஜூன் 7 அன்று இந்திய அரசு தேசிய வான் விளையாட்டுக் கொள்கையை வெளியிட்டது. வான்குதிப்பு, பாராகிளைடிங், பலூன், கிளைடர் உள்ளிட்ட விளையாட்டுகள் இதில் அடங்கும். இவற்றை ஒழுங்குபடுத்த இந்திய வான் விளையாட்டுக் கூட்டமைப்பு என்ற தலைமை அமைப்புக்கும், ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிச் சங்கத்துக்கும் அது வழி செய்கிறது.

நம் மலைச்சரிவில் ஏன் முடியாது?

"இவ்வளவு மலை இருக்கிறதே, இங்கேயே குதிக்கலாமே" என்பது அடுத்த கேள்வி. வான்குதிப்புக்கு மலை உதவாது, தடையே. விமானம் ஏறி இறங்க ஓடுதளம் வேண்டும். மாணவர் இறங்கும் இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்கு மரமோ, மின்கம்பியோ, கட்டடமோ இருக்கக் கூடாது. ஏலத்தோட்டம் என்பது நிழல்மரங்களுக்கு அடியில் வளரும் தோட்டம். அந்தச் சரிவில் அத்தகைய வெட்டவெளி கிடையாது.

காற்றும் ஒத்துவராது. மாணவர் குதிக்கத் தரைக்காற்று மணிக்கு 22 கி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது என்பது யு.எஸ்.பி.ஏ. விதி. "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்று நாம் சொல்வது வெறும் பேச்சன்று. தேனி மாவட்டத்தில் காற்றாலைகள் நிற்பதும் அந்தக் காற்றை நம்பித்தான். மலையில் மோதிச் சுழலும் காற்று பாராசூட்டை மடக்கிவிடக் கூடும்.

மலைச்சரிவுக்கு ஏற்றது பாராகிளைடிங். இதில் விமானம் இல்லை. விரித்த பாராசூட்டோடு சரிவில் ஓடி மேலெழுவார்கள். ஏலமலைத் தொடரின் கேரளப் பக்கத்தில் உள்ள வாகமண் இதற்குப் பெயர் பெற்றது. அங்கே 2023 மார்ச்சில் பன்னாட்டுப் பாராகிளைடிங் விழா நடந்தது. புனே அருகே காம்ஷெத், இமாசலத்தின் பீர் ஆகிய இடங்களில் முறையான வகுப்புகள் உண்டு. விமானச் செலவு இல்லாததால் தொடக்க வகுப்புகள் சில பத்தாயிரம் ரூபாயில் முடியும். ஆனால் இதற்கும் பயிற்றுநர், காப்பீடு, அனுமதி மூன்றும் வேண்டும்.

அனுமதி என்பதை இங்கு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத் தீயில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் இளைஞர்கள். அதன் பிறகே மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் வகுத்தது. காடும் மலையும் காற்றும் நம்முடைய ஆர்வத்தைப் பார்த்து விலகுவதில்லை. அந்த மலையடிவாரத்தில் வாழும் நாம் இதை மறக்கக் கூடாது.

செலவில்லாமல் குதிக்க வழி உண்டா?

உண்டு. பணத்துக்கு ஈடாக உடல் உறுதியும் ஒழுங்கும் வேண்டும்.

தேசிய மாணவர் படையில் சேர்ந்து தேர்வாகும் மாணவ மாணவியருக்கு, ஆக்ராவில் உள்ள பாராசூட் பயிற்சிப் பள்ளியில் அடிப்படைப் பயிற்சி அளிக்கப்படுகிறது. இடங்கள் குறைவு, போட்டி அதிகம். ஓட்டம், உடல்திறன், மருத்துவச் சோதனை அனைத்திலும் தேற வேண்டும். கல்லூரியில் முதலாண்டிலேயே தேசிய மாணவர் படையில் பெயர் கொடுப்பவருக்கே இதற்குக் காலம் இருக்கும்.

ராணுவத்தின் பாராசூட் படைப்பிரிவில் சேர்பவருக்கும் அதே ஆக்ராவில்தான் பயிற்சி. கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி பெற்ற மகேந்திர சிங் தோனி, 2015 ஆகஸ்டில் அங்கு பயிற்சி பெற்று, ஐந்து குதிப்புகளை முடித்துப் பாராசூட் வீரர் என்ற தகுதிச் சின்னத்தைப் பெற்றார். முதல் குதிப்பு ஏ.என்.32 விமானத்திலிருந்து, 1,250 அடி உயரத்தில். இந்திய விமானப் படையிடம் 'ஆகாஷ் கங்கா' என்ற வான்குதிப்புக் குழுவும் 1987 முதல் இயங்கி வருகிறது.

இவை விளையாட்டு உரிமத்துக்கு ஈடல்ல. நிலைக்கயிற்றுக் குதிப்பும் தடையின்றி விழுவதும் வேறு வேறு. ஆனால் ஏலத்தோட்டத்துக் கூலித் தொழிலாளியின் பிள்ளையும் விமானக் கதவருகே நிற்க இவ்வழியில் இடம் இருக்கிறது.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. பயிற்றுநரிடம் எந்தச் சங்கத்தின் தகுதிச் சான்று உள்ளது? அது இவ்வாண்டு வரை செல்லுமா?
2. துணைப் பாராசூட்டைக் கடைசியாக எப்போது மடித்தார்கள்? அதன் பதிவு அட்டையைக் காட்டுவார்களா?
3. தானே திறக்கும் கருவி மாணவர் பாராசூட்டில் உள்ளதா?
4. ஒரு நிலையில் தேறாவிட்டால் கூடுதல் கட்டணம் எவ்வளவு?
5. வானிலையால் நின்றுபோனால் பணம் திரும்புமா, வேறு நாள் தருவார்களா?
6. காப்பீடு எதை ஏற்கும், எதை ஏற்காது? எழுத்தில் தருவார்களா?
7. 25 குதிப்புகளும் முடிந்து உரிமம் கிடைக்கும் வரையான மொத்தத் தொகையா, முதல் எட்டுக்கு மட்டுமா?

ஏழாவது கேள்வி மிக முக்கியம். விளம்பரத்தில் காணும் தொகை பெரும்பாலும் முதல் எட்டுக் குதிப்புகளுக்கானது. அதை மட்டும் நம்பிக் கடன் வாங்கிப் போனவர், பாதி வழியில் உரிமமும் இல்லாமல் பணமும் இல்லாமல் திரும்ப நேரும்.

ஆசை உள்ளவர் முதலில் ஓர் இரட்டையர் குதிப்பைச் செய்து பார்க்கலாம். அதன் பிறகும் ஆசை நின்றால், வேலைக்குப் போய்ச் சொந்தச் சம்பாத்தியத்தில் சேர்த்துக் கற்கலாம். 18 வயதில் தொடங்கலாம் என்பதே விதி. 18 வயதிலேயே தொடங்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. முப்பது வயதில் தம் பணத்தில் குதிப்பவருக்கும் அதே 50 வினாடிதான் கிடைக்கிறது. கீழே வீட்டில் அடகு வைத்த நகை இல்லை என்ற நிம்மதியும் அவரோடு சேர்ந்து இறங்கும்.